ஆறாவது மைலில் பெய்த ஸ்னோ

எங்கள் மலேசியாவின் பேராக்கில் எப்போதாவது ஸ்னோ பெய்திருக்கிறதா என்று எங்கள் பழைய வானிலை ஆபிசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எனக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். மலை உச்சி நிலையத்தில் இப்போது ஆளே இல்லையாம். இயந்திரம் தானே அளந்து தானே ஈப்போவுக்கு அனுப்பிவிடுகிறதாம். பழைய பதிவேடுகளை மூட்டை கட்டியபோது, என் கையெழுத்தில் ஒரு பக்கம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. மலைச் சாலையின் படம், மைல் கற்கள், குறுக்கே மூன்று கோடுகள், ஓரத்தில் 'பிள்ளையார்' என்று ஒரு சொல், அதை அடித்துச் சிவப்பு மையில் ஒரு கோடு.

"இது என்னாக்கா? சொல்லுங்க லா," என்று ஒருத்தி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஸ்னோ பெய்யவில்லை. பெய்தது என்று கிளம்பிய பேச்சுக்கு நான்தான் காரணம். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது, இனிமேல் என்னை யாரும் கூப்பிட்டு விளக்கம் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

என் அப்பா சித்தியவான் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். காலையில் மழை வந்தால் மரம் வெட்ட முடியாது. அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வானத்தைப் பார்த்து ஏதாவது சொல்லாத ஆளே கிடையாது. நானும் சொல்வேன். அப்படிச் சொல்வதற்கு அரசாங்கத்தில் ஒரு வேலையே இருக்கிறது என்பது பள்ளியில் கடைசி வகுப்பான பாரம் ஐந்து முடித்த பிறகுதான் தெரிந்தது. கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி. அங்கே மேகங்களுக்கு வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நினைவில் நிற்பதற்காக நான் எங்கள் எஸ்டேட் ஆட்களின் பெயர்களை வைத்துக்கொண்டேன். மெல்லிசாக நரைத்துப் படர்ந்தது வாத்தியார் சம்சாரம். கறுத்துப் பொங்கி, தலை விரிந்து, எப்போது கத்தும் என்று தெரியாமல் நிற்கிற இடிமேகம் பெரிய கங்காணி. பரீட்சையில் ஒரு கேள்விக்குப் 'பெரிய கங்காணி' என்றே எழுதிவிட்டேன். திருத்தியவர் அதை ஏதோ உள்ளூர்ப் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ, அரை மார்க் போட்டிருந்தார்.

பிறகு ஈப்போ. அங்கே ஒரு வருஷம். அதன் பிறகு மலை. மேலே அட்டை கடிக்கும், குளிரும், சீட்டாட ஆள் கிடைக்காது என்று ஆண்கள் யாரும் போகச் சம்மதிக்காததால் என்னை அனுப்பினார்கள். மலையின் பெயர் வேண்டாம். தாப்பா பக்கமா தைப்பிங் பக்கமா என்றும் கேட்காதீர்கள். அடிவாரத்தில் ஒரு கேட், ஒரு பொண்டோக். அதாவது காவல்காரர் உட்கார ஒரு குடிசை. அங்கிருந்து ஏழு மைல் வளைந்து வளைந்து ஒற்றைச் சாலை. வெளியார் வண்டிக்கு அனுமதியில்லை. இரண்டு லேண்ட்ரோவர்தான் ஏறும், இறங்கும். ஏழாவது மைலில் ஒரு விடுதி, ஒரு காய்கறித் தோட்டம், எங்கள் நிலையம். விடுதியில் சமைக்கும் மலாய்க்கார அம்மா வீட்டில் எனக்கு ஓர் அறை.

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் திரு. ஞானப்பிரகாசம். பத்து காஜா ஊர்க்காரர். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அட்டையும் குரங்கும் தவிர வேறு யாரும் பார்க்காத அந்த மலையில் தினமும் டை கட்டிக்கொண்டு வேலைக்கு வருவார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'மிஸ் சரஸ்வதி'தான். முற்றத்தில் கால் நட்டு நிறுத்திய வெள்ளைப் பலகைப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர்கள் இருக்கும். அந்தப் பெட்டியிடம் அவர் போகிற விதத்தைப் பார்க்க வேண்டும். பத்தடி தூரத்திலேயே மூச்சை இழுத்துக்கொள்வார். கதவைத் திறந்து, முதலில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணைப் படிப்பார், அப்புறம் முழு எண்ணை. கதவை மூடி, நாலடி பின்னால் வந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

"நம்ம மூச்சுச் சூடு அதுக்குப் படக் கூடாது, மிஸ் சரஸ்வதி. அது மலையோட சூட்டைச் சொல்லணும், நம்ம சூட்டைச் சொல்லக் கூடாது."

முதல் வாரமே பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'பயங்கர மழை' என்று எழுதினேன். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

"பயங்கரம் எத்தனை மில்லிமீட்டர்?"

"அம்பத்தெட்டு, சார்."

"அப்ப அம்பத்தெட்டுன்னு எழுதுங்க. பார்த்ததை இங்க எழுதுங்க. நினைச்சதை வீட்டுல போய் நினைங்க."

நான் பழிவாங்கினேன். ஒரு வாரம் முழுக்க அவர் என்ன கேட்டாலும் எண்ணில்தான் பதில். காப்பி எப்படி இருக்கு என்று கேட்டால், "அறுபத்தெட்டு டிகிரி, சார்." சளி எப்படி இருக்கு என்றால், "மணிக்கு நாலு தும்மல், சார்." அவர் சிரிக்கவில்லை. ஏழாவது நாள், "தெர்மாமீட்டரைக் காப்பியில விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். விட்டிருந்தேன். அதற்கு ஒரு மெமோ வாங்கினேன்.

லேண்ட்ரோவர் ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். வண்டியில் சாமான் எவ்வளவு ஏறுமோ அதைவிட அதிகமாக அவரிடம் செய்தி ஏறும். மேலே விடுதியில் யாராவது இருமினால், அவர் அடிவாரம் சேரும்போது அது காசநோயாகியிருக்கும். நல்ல மனிதர். ஆனால் அவரிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஏப்ரல் மாதம். ஒரு பருவக்காற்று போய் மற்றது வருவதற்கு இடைப்பட்ட நாட்கள். காலையில் நல்ல வெயில் அடிக்கும். பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பெரிய கங்காணி எழும்புவார். மத்தியானம் இடி. அன்று சனிக்கிழமை. தகரக் கூரையில் யாரோ கூடை கூடையாய்க் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். நான் ஜன்னலுக்கு ஓடினேன். சார் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நாப்பத்தாறு. எழுதுங்க." அப்புறம்தான் வெளியே பார்த்தார்.

ஆலங்கட்டி. ஈப்போவில் இரண்டொரு தடவை கடலை அளவில் விழுந்து பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. புல்வெளி என் கண் முன்னே வெளுத்துக்கொண்டு போனது. காய்கறித் தோட்டத்து முட்டைக்கோஸ் எல்லாம் நசுங்கியது. இருபத்தொன்றில் இருந்த வெப்பநிலை கால் மணி நேரத்தில் பதின்மூன்றுக்கு விழுந்தது. நான் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனேன். சார் குடையோடு வந்தார். குடை இரண்டு நிமிஷத்தில் சல்லடையானது. அதை அப்படியே பிடித்துக்கொண்டே நின்றார்.

"பத்துக் கல் எடுங்க. பெருசா பார்த்தும் எடுக்காதீங்க, சின்னதா பார்த்தும் எடுக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

உள்ளே கொண்டுவந்து அளவுகோல் வைத்து அளந்தோம். ஒன்றைச் சவர பிளேடால் குறுக்கே அறுத்துக் காட்டினார். வெங்காயம் போல உள்ளே வளையங்கள். "நாலு. மேகத்துக்குள்ள மேலயும் கீழயும் அலைஞ்சுட்டு வந்திருக்கு." பிறகு நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தார். "பத்துக் கல் எடுத்தீங்க. இங்க ஒன்பதுதான் இருக்கு."

பத்தாவது என் வாயில் இருந்தது.

மழைமானியின் புனல் முழுக்க ஆலங்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதை உருக்கினால்தான் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, பிறகு மொத்தத்திலிருந்து வெந்நீரின் அளவைக் கழிக்க வேண்டும். நான் அவருடைய காப்பிக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டேன்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஒரு டம்ளர், சார்."

"யார் டம்ளர்?"

"உங்க டம்ளர்."

சார் டம்ளரை எடுத்து, அதே அளவுக்குத் தண்ணீர் நிரப்பச் சொல்லி, அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து, கழித்து, எழுதினார். அன்று அவர் காப்பி குடிக்கவில்லை.

அதன் பிறகு சொன்ன வேலைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "மாணிக்கத்தைக் கூட்டிக்கிட்டு சாலையில கீழ போங்க. எந்த மைல் வரைக்கும் கிடக்குன்னு பார்த்துட்டு வாங்க. விழுந்தது வேற, கிடக்கிறது வேற. கிடக்கிறதை மட்டும் எழுதுங்க."

உலகத்தில் ஸ்னோ பெய்கிற மலைகளிலும் இதைத்தான் பார்ப்பார்களாம். எந்த உயரம் வரை வெள்ளை நிற்கிறது, எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று. எங்கள் மலையில் அந்தக் கோடு ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மட்டும் வந்தது. ஆறரை மைலில் கணுக்கால் வரை வெள்ளை. ஆறாவது மைல் கல்லில் திட்டுத் திட்டாக இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, எலும்பு வரை குளிர்கிற வெறும் மழைதான். அதே கல்தான் அங்கேயும் விழுந்தது, ஆனால் தரையைத் தொடுவதற்குள் கரைந்துவிட்டது. நான் சாலையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு நேரம் எழுதினேன். அரை மணியில் கோடு மேலே ஏறிவிட்டது. ஆறாவது மைலில் வடிகால் வளைவில் சேர்ந்த குவியல் மட்டும் மிச்சம். நாலு மணிக்கு இன்னொரு அடி. இம்முறை சின்னக் கல், ஆனால் காற்று முன்பே குளிர்ந்து கிடந்ததால் கரையவில்லை. கோடு சரசரவென்று ஐந்தாவது மைல் வரைக்கும் இறங்கியது.

மாணிக்கம் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அலாமா! இது என்னா தங்கச்சி? ஐசா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஸ்னோ லா, அண்ணே," என்றேன். "லண்டன்ல பெய்யுதே, அதான். காத்து திசை மாறி இங்க வந்துருச்சு."

"நம்ம ஊருக்கா?"

"நமக்கும் ஒரு நாளு வர வேணாமா?"

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். திரும்பி ஏறும்போது ஆறாவது மைலில் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, ஒதுங்குவதற்காக வளைவுக்கு அந்தப் பக்கம் போனார். வடிகாலில் ஆலங்கட்டி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மஞ்சளைப் பார்த்தாலும் மாவைப் பார்த்தாலும் என் கை ஒரே ஒரு உருவத்தைத்தான் பிடிக்கும். விரல் மரத்துப்போகப் போக அழுத்தி உருட்டினேன். தொப்பை, காது, தும்பிக்கை. ஓரடி உயரம். மைல் கல்லின் மேல் உட்கார வைத்து, பக்கத்துச் செடியிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்துத் தலையில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்த அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி... இது யாரு வெச்சது?"

"எது, அண்ணே?"

"அதோ லா!"

எட்டிப் பார்த்தேன். "ஐயோ, சாமி! இப்பதான் வந்திருக்காரு போல."

அண்ணன் செருப்பைக் கழற்றினார். அந்தக் குளிரில், தண்ணீர் ஓடுகிற சாலையில், கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன். மேலே போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மேலே விடுதிக்காரர்கள் காய்கறி மூட்டையோடு காத்திருந்தார்கள். அண்ணன் ஏற்றிக்கொண்டு உடனே கீழே போய்விட்டார். செய்தியும் அவரோடு போனது.

நான் பதிவேட்டில் சாலைப் படம் வரைந்து, மூன்று கோடும் நேரமும் போட்டு, ஆறாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் அடையாளத்துக்காகப் 'பிள்ளையார்' என்று எழுதினேன். சார் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் அடித்தார். "இது என்ன?"

"ஆலங்கட்டிக் குவியல், சார். நான் கொஞ்சம் உருட்டி வெச்சேன்."

"குவியல்னு எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விடுதி அம்மா ஓடி வந்து, சாலை முழுக்க ஆட்கள் என்று சொன்னார். போய்ப் பார்த்தேன். ஆறாவது மைலில் திருவிழா. முந்தின மாலை மாணிக்கம் அண்ணன் அடிவாரத்துக் காப்பிக் கடையில் சொன்னது சுற்றி இருந்த எஸ்டேட்டுகள் எல்லாம் பரவி, விடிந்ததும் லோரியிலும் சைக்கிளிலுமாய் வந்து இறங்கியிருக்கிறார்கள். இரண்டு லேண்ட்ரோவரும் நடை நடையாய் ஏற்றிக்கொண்டு வந்தன. இளவட்டங்கள் நடந்தே ஏறியிருந்தார்கள். மைல் கல்லுக்கு மாலை போட்டுச் சந்தனம் பூசி, சூடம் ஏற்றியிருந்தார்கள். பிள்ளையார் இல்லை. கரைந்து போயிருந்தார். ஈரக் கல்லும் வாடின செம்பருத்தியும்தான் இருந்தன. அதனால் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த கான்ஸ்டபிள் ராஜு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சார் கூப்பிடுகிற வரைக்கும்.

அவர் விடிகாலையே மூன்றாவது மைல் வரை நடந்து போய்விட்டு வந்திருந்தார். டையில் சேறு. "மூணாவது மைல் வளைவுல சாலை ஓரம் வெடிச்சிருக்கு. காலையில ரெண்டு விரல் அகலம். இப்ப வண்டியில போய் மறுபடி பார்த்தேன், மூணு விரல்." வானத்தைக் காட்டினார். பத்தரை மணிக்கே பெரிய கங்காணி பள்ளத்தாக்கில் தோள் தட்டிக்கொண்டு நின்றார். மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. "நேத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால எழும்பியிருக்கு. ரெண்டு மணிக்குள்ள கொட்டும். அந்த வளைவு தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

அவர் 'தெரியாது' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கேட்டுக்குப் போன் செய்து மேற்கொண்டு யாரையும் விடாதீர்கள் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உத்தரவு போடக்கூடிய ஆபிஸ் எதிலும் ஆள் இல்லை. மேலே இருந்தவர்களை இறக்க வேண்டும். அதில் இடுப்பு வலிக்காரக் கிழவிகள் இருந்தார்கள், கைக்குழந்தையோடு பெண்கள் இருந்தார்கள். வெடித்த சாலை, ஈர மலை, எண்பது தொண்ணூறு பேர். எல்லாம் என் கை உருட்டிய ஓரடி ஐஸ் கட்டிக்காக. அந்த நிமிஷத்தில் எனக்குக் குளிர்ந்த மாதிரி முந்தின நாள் பதின்மூன்று டிகிரியில்கூடக் குளிரவில்லை.

நான் ஓடிப் போய் வடிகால் கட்டை மேல் ஏறினேன். "எல்லாரும் கேளுங்க! அது சாமி இல்ல. நான்தான் செஞ்சேன். சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேன். மழை வரப் போவுது, கீழ போயிருங்க!"

முன்னால் நின்ற ஒரு பெரியம்மா, கையில் சூடத் தட்டோடு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உங் கையால செய்ய வெச்சது யாரு?"

கூட்டம் 'ஆமா லா' என்றது. அது போதாதென்று இரண்டு பேர் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாணிக்கம் அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மழை வரும் என்றால், "மழையில நனைஞ்சா என்ன, சாமி மலை" என்றார்கள். சாலை வெடித்திருக்கிறது என்றால், "பிள்ளையார் பார்த்துக்குவாரு." மணி பதினொன்றரை. முதல் உறுமல் கேட்டது. அப்போதுதான் சார் வந்தார். டையைச் சரிசெய்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் செய்கிற மனிதர். பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இந்தக் கூட்டத்திடம் மில்லிமீட்டர் கணக்குச் சொல்லித் தோற்கப் போகிறார் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் இந்த நிலையத்துக்குப் பொறுப்பானவன்," என்று ஆரம்பித்தார். "காலையில ஏழு மணி அஞ்சு நிமிஷத்துக்கு இந்தக் கல்லுகிட்ட வந்தேன். உங்க யாருக்கும் முன்னால வந்தேன். அப்ப அவர் இங்க இருந்தார்."

கூட்டம் கல்லை விட்டு அவர் பக்கம் திரும்பியது.

"எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஏழு இருபதுக்கு இந்தக் கல்லை விட்டுக் கிளம்பினார்." பக்கத்தைப் புரட்டினார். "கீழ இறங்கிப் போனார். இந்தப் பக்கமாதான் போனார். இப்ப மேல இல்ல. அடிவாரத்து ஆத்துல இருக்கார். இது நான் கண்ணால பார்த்து எழுதினது. நினைச்சது இல்ல."

புத்தகத்தை மூடினார்.

இரண்டு விநாடிதான். பிறகு அந்தப் பெரியம்மா சூடத் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் தள்ளினார். "அடியே, சாமி கீழ போயிருச்சாம்டி! நாம இங்க நின்னுக்கிட்டு இருக்கோம்!"

அப்புறம் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது நாலு தடவை உட்கார்ந்து எழுந்த கிழவிகள் எல்லாம் இறங்கும்போது இளவட்டங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாணிக்கம் அண்ணன் நடக்க முடியாதவர்களை ஏற்றி ஏற்றி இறக்கினார். மூன்றாவது மைலுக்கு முன்னால் எல்லாரையும் இறக்கிவிட்டு, மலைப் பக்கம் ஒட்டி நடக்க வைத்து, வெறும் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய் மறுபடி ஏற்றிக்கொண்டாராம். அது சார் சொல்லி அனுப்பியது.

ஒன்று ஐம்பதுக்கு மழை கொட்டியது. ஆலங்கட்டி இல்லை, வெறும் தண்ணீர், ஒரு மணி நேரத்தில் எழுபத்திரண்டு மில்லிமீட்டர். இரண்டரைக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. நிலத்துக்கு அடியில் யாரோ அலமாரியை இழுப்பது போல. மூன்றாவது மைல் வளைவு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது.

உடனே போன் அடித்தது. கேட்டிலிருந்து மாணிக்கம் அண்ணன். "தங்கச்சி, நாங்க எல்லாம் வந்துட்டோம். ஆனா பொண்டோக்ல காவல்காரரு பாக் சு ஆளு எண்ணி வெச்சிருக்காரு. மேல போனது எம்பத்தாறு. இறங்குனது எம்பத்தஞ்சு."

என் கையிலிருந்து போன் நழுவியது. சார் அதை எடுத்தார். "மறுபடி எண்ணச் சொல்லு, மாணிக்கம்." எண்ணினார்கள். எண்பத்தைந்து. ஓர் ஆள் அந்த வளைவில் இருந்திருக்கிறார். யார்? குழந்தைக்காரப் பெண்ணா? சார் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டார். ஐம்பது வயது ஆள், அந்த மழையில், நாலு மைல் இறங்கப் போகிறார். நானும் கிளம்பினேன்.

கதவைத் திறந்தால், வாசலில் கான்ஸ்டபிள் ராஜு. கையில் இன்னும் பூட்ஸ்.

"என்னா சார், ஒரு ஆளையும் காணோம்? விடுதில நாசி கோரேங் சாப்ட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். சாமி இருக்கா, போயாச்சா?"

நான் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து, "அடுத்த வருசம் வருவாரு லா," என்று தேற்றினார். சாலை சரியாக நாலு நாள் ஆனது. நாலு நாளும் ராஜு எங்களோடு சார்டின் டின் சாப்பிட்டுக்கொண்டு, முதல் நாள் தூங்கியதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

சார் என்னை விளக்கம் எழுதச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். வருத்தம், வெட்கம், மன்னிப்பு எல்லாம் போட்டு. சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்று வாக்கியங்கள்தான் மிஞ்சின. 'ஆலங்கட்டிகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்தேன். ஓட்டுநர் கேட்டபோது உண்மையைச் சொல்லவில்லை. மக்கள் கூடினார்கள்.' அதற்குக் கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: 'பதிவுகளில் பிழை இல்லை. பதிவு செய்தவரிடம் உண்டு. அவர் இங்கேயே தொடரலாம்.'

ஈப்போவிலிருந்து ஒரு கடும் எச்சரிக்கையும், ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு இல்லை என்ற கடிதமும் வந்தன. மாணிக்கம் அண்ணன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. வண்டியில் ஏறினால் ரேடியோவைத் திருப்பிவிடுவார். அதற்கு மேல் அவர் என்னைத் தண்டித்திருக்க முடியாது. ஒரு தீபாவளிக்கு முறுக்கோடு அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி முன்னால் தோப்புக்கரணம் போட்ட பிறகுதான் சிரித்தார்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் சார் ஓய்வு பெற்றார். அதற்குள் அடிவாரத்து ஆற்றங்கரையில் எஸ்டேட் ஆட்கள் ஒரு சின்னக் கோயில் கட்டிவிட்டார்கள். மலையிலிருந்து பிள்ளையார் இறங்கி வந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் என்று, அதன் திறப்பு விழாவுக்கு அவரைத்தான் பிரமுகராகக் கூப்பிட்டார்கள். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். பத்து காஜாவிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். கழுத்து நிறைய மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள்.

அன்று மலையில் சொன்ன அதே வாக்கியங்களை, அதே வரிசையில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் ஓயவே இல்லை. கோயில் தலைவர், நரைத்த மீசைக்காரர், கண் கலங்கி எழுந்தார்.

"ஐயா, ஒன்னே ஒன்னு கேக்கணும். சாமி எப்படி இறங்கினாரு? பறந்தா, நடந்தா?"

சார் யோசித்தார். பொய் சொல்ல மாட்டார். அவர்களைப் புண்படுத்தவும் மாட்டார்.

"ஓரமாதான் இறங்கினார்," என்றார். "யாருக்கும் இடைஞ்சல் இல்லாம, வடிகால் வழியா."

"எவ்வளவு வேகமா, ஐயா?"

ஞானப்பிரகாசம் சார் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் உதட்டோரம் அசைந்ததைப் பார்த்தேன்.

"அதை நான் அளக்கல. மிஸ் சரஸ்வதி அளந்திருக்கணும்."